டீசல் இறங்கினால் வாடகையும் இறங்க வேண்டும்

ஐயா,

கச்சா எண்ணெய் விலை உயர்ந்தால் பணவீக்கமும் கூடும் என்று தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, பாதி உண்மையையே சொல்கிறது. விலை இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் எழுதியிருக்கலாம். 2022 மே மாதம் மத்திய அரசு டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 6 ரூபாய் குறைத்தது. திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை நடத்தும் எனக்கு, சரக்கு வண்டி வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. டீசல் ஏறியபோது கூட்டிய வாடகை அப்படியே நிலைத்துவிட்டது. பிறகு பருப்பு விலையை நான் எப்படிக் குறைப்பது? இத்தனைக்கும், வரி குறைவான புதுச்சேரி எல்லைக்குள் முள்ளோடையில் டீசல் நிரப்பிக்கொண்டு, கடலூர் விலையைக் காட்டி வாடகை கேட்பவர்களும் உண்டு.

டீசல் விலை ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் கிலோமீட்டருக்கு வாடகை எவ்வளவு மாற வேண்டும் என்பதை, லாரி உரிமையாளர்களையும் வணிகர்களையும் அழைத்துப் பேசி மாவட்ட நிர்வாகம் வரையறுக்கலாம். அந்தக் கணக்கை உழவர் சந்தைகளிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் பலகையில் எழுதி வைத்தால், பேரம் பேசவாவது எங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

- மளிகை வணிகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்