பிள்ளையின் தொலைபேசிக்குள் களவாக நுழைய வேண்டாம்

பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயற்குழுவினருக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவர்களுடைய கைத்தொலைபேசிகளில் உளவுச் செயலி நிறுவுமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று சென்ற கூட்டத்தில் வந்த யோசனை, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பிள்ளைகளின் தகப்பனாகவும், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் கைத்தொலைபேசி திருத்துபவனாகவும், அதை அடியோடு கைவிடுமாறு கேட்கிறேன்.

இந்த வேலைக்காகவே என் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. மகன் ரியூசனுக்குப் போன நேரம் பார்த்து அவனுடைய தொலைபேசியைக் கொண்டுவந்த தாயார் ஒருவர், "தம்பி, ஆறு மணிக்கு அவன் வந்திடுவான், அதுக்குள்ள முடிச்சுத் தாங்கோ" என்றார். நான் மறுத்தேன். அவ்வகைச் செயலி பிள்ளையின் படங்களையும் உரையாடல்களையும் எங்கோ இருக்கும் நிறுவனமொன்றின் சேவையகத்துக்கு அனுப்பிய பிறகுதான் பெற்றோருக்குக் காட்டுகிறது. இவ்வகைச் செயலி விற்கும் பெயர்பெற்ற எம்ஸ்பை நிறுவனத்திலிருந்தே 2015, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் தரவுகள் கசிந்தன. பிள்ளையைக் காக்கப்போய் அதன் படத்தை நாமே ஊருக்குக் கொடுப்பதா?

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைவதையும் தரவை இடைமறிப்பதையும் குற்றமாக்குகிறது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தான் வாங்கிக் கொடுத்த தொலைபேசியைத் தகப்பன் பார்ப்பதை யாரும் வழக்காக்கப் போவதில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் உயர்தர வகுப்பில் 18 வயதைத் தாண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். சட்டத்தின் முன் அவர்கள் வளர்ந்தவர்கள். மறுமுனையில் இருந்து அவர்களுக்குச் செய்தி எழுதுகிற அயல்வீட்டுப் பிள்ளையோ நமக்கு எந்த அனுமதியும் தந்ததில்லை. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 5 ஆம் உறுப்புரை, பெற்றோரின் வழிகாட்டலைப் பிள்ளையின் வளரும் ஆற்றலுக்கு ஏற்றதாக இருக்கச் சொல்கிறது; 16 ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தையும் கடிதத் தொடர்பையும் பாதுகாக்கிறது.

கண்காணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் இளையவளின் தொலைபேசியில் கூகுளின் ஃபமிலி லிங்க் இருக்கிறது. அவளை அருகில் இருத்தி வைத்துத்தான் போட்டேன். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும், புதுச் செயலிக்கு என் சம்மதம் வேண்டும், இரவு ஒன்பதரைக்குத் தொலைபேசி பூட்டிக்கொள்ளும், ஆனால் அவளுடைய வட்ஸ்அப் செய்திகளை அது எனக்குக் காட்டாது. வீட்டு ரவுட்டரில் ஆபாசத் தளங்களைத் தடுக்கவும் வழியுண்டு; பிள்ளை மொபைல் டேற்றாவுக்கு மாறிவிட்டால் அந்தத் தடை பயன்படாது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். (ரவுட்டரின் கடவுச்சொல்லை அதன் அடியிலேயே ஒட்டி வைத்திருக்கும் வீடுகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.)

படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டப்பட்ட பிள்ளை ஒன்று, வீட்டில் சொன்னால் தொலைபேசியைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்து, எல்லாவற்றையும் அழித்துத் தரச் சொல்லி என் கடைக்கு வந்தது. அழித்திருந்தால் முறைப்பாட்டுக்குச் சான்றே இருந்திராது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தை அந்தப் பிள்ளை கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஆகவே அந்த யோசனைக்குப் பதிலாக, 1929 என்ற இலக்கத்தையும், மிரட்டலைச் சொல்ல வரும் பிள்ளையிடமிருந்து தொலைபேசியைப் பறிப்பதில்லை என்ற உறுதியையும் சுற்றறிக்கையாகப் பெற்றோருக்கு அனுப்புங்கள். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வரக்கூடிய ஒரு சனிக்கிழமைப் பின்னேரத்தைக் குறித்துத் தந்தால், ஃபமிலி லிங்க்கையும் ரவுட்டரையும் அமைத்துக்கொள்ளும் முறையை நான் வந்து காட்டித் தருவேன்; கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கோண்டாவிலிலிருந்து ஒரு பெற்றோர்