தன்னார்வப் பணியும் பணி அனுபவமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2021 டிசம்பரில் லாக்4ஜே (Log4j) என்ற, பிற மென்பொருள்களின் செயல்பாடுகளைப் பதிவு செய்ய உதவும் மென்பொருளில் கடுமையான பாதுகாப்புக் குறை வெளிப்பட்டு உலகெங்கும் நிறுவனங்கள் பதறியபோது, திருத்தங்களை எழுதி வெளியிட்டவர்கள் பெரும்பாலும் அதற்கென ஊதியம் பெறாத தன்னார்வலர்களே. மூலநிரலை எவரும் பார்த்துத் திருத்தி இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய இத்தகைய திறமூலத் திட்டங்களில் பிழை அறிக்கைகளைச் சோதிப்பது, பிறர் எழுதிய நிரலைச் சீராய்வது, புதியவர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாக விடையளிப்பது என ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் முன் அனுபவம் இல்லாதவர்களாக ஒதுக்கப்படுவது அநீதி. நிரல் எழுதியவரின் பெயராவது மாற்றப் பதிவில் நிற்கும். சோதித்தவருக்கும் விடையளித்தவருக்கும் பல நேரங்களில் அதுவும் கிடைப்பதில்லை. நன்றிச் சான்றிதழ் மட்டும் போதாது. செய்த பணியையும் காலத்தையும் குறிப்பிட்டுத் திட்டக் குழுக்கள் அனுபவக் கடிதம் வழங்க வேண்டும். இத்தகைய மென்பொருள்களை இலவசமாகப் பயன்படுத்தும் நிறுவனங்கள், ஆள் எடுக்கும்போது அந்தத் தன்னார்வ உழைப்பைப் பணி அனுபவமாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்