அண்ணையின் மகளுக்குக் கலியாணம்

மச்சான்,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் வராத கோபத்தில் என்னென்ன சொல்லித் திட்டியிருப்பாய் என்று தெரியும். இங்கே எல்லாரும் சுகம். போன ஆவணியில் அண்ணையின் மகளுக்குக் கலியாணம் முடிந்தது. மாப்பிள்ளை ஒட்டுசுட்டான் பெடியன். குறை சொல்ல ஒன்றுமில்லை, கொஞ்சம் வாய் கூட, அவ்வளவுதான்.

பொன்னுருக்கல், கன்னிக்கால் எல்லாம் ஒழுங்காக நடந்தன. பிரச்சினை தொடங்கியது அதற்கு முந்தியே, அழைப்பிதழில். அச்சகத்தில் இருந்த பிள்ளை, "தகப்பன் பேருக்கு முன்னால அமரர் போடவா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டது. அண்ணி ஒன்றும் பேசவில்லை. பேனையை வாங்கி 'திரு, திருமதி' என்று தானே எழுதிக் கொடுத்தார். 2009 வைகாசியில் சண்டை முடிந்த பிறகு அண்ணையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் அண்ணி மறுத்துவிட்டார். 2017 மாசியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது அண்ணையின் படத்தோடு போய் இருந்தவர். தாலிக்கொடி அந்த நேரமே விற்றுப் போய்விட்டது, தாலி மட்டும் மஞ்சள் கயிற்றில் கிடக்கிறது. பொட்டும் அப்படியே.

அதனால் கன்னிகாதானத்துக்கு யார் இருப்பது என்று வீட்டில் பெரிய வழக்கு. நானும் இவளும் இருப்பதென்று முடிவாயிற்று. தாரை வார்க்கவாவது அண்ணி நிற்கட்டும் என்றால், கூடாது என்று பெரியத்தை ஒரே பிடி. "அண்ணி விதவை எண்டு நீங்கள் எப்ப எழுதிக் குடுத்தனீங்கள்?" என்று இவள் கேட்ட பிறகுதான் வாய் அடங்கியது. செம்பை இவளே அண்ணியின் கையில் கொடுத்தாள்.

இரண்டு பக்கத்திலும் பூட்டன் பேர், பாட்டன் பேர், தகப்பன் பேர் என்று மூன்று முறை சொல்ல வேண்டும் அல்லவா? எங்கள் அப்பாவும் அப்பப்பாவும் போய்ச் சேர்ந்தவர்கள். அண்ணை எங்கே என்று தெரியாது. ஐயர் மூவரையும் ஒரே குரலில்தான் சொன்னார். மூன்றாம் முறை அண்ணையின் பேர் வந்தபோது என் கை ஆடி, தண்ணீர் பாதி வேட்டியில் போனது. அண்ணி செம்பை நேராகப் பிடித்து மிச்சத்தையும் வார்த்து முடித்தார்.

சடங்கெல்லாம் ஐயர்மாரின் பிழைப்பு என்று வாசிகசாலையில் இருந்து பேசினோமே, பாதி இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இத்தனை வருடமும் போன இடமெல்லாம் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றுதான் அண்ணியைக் கேட்டார்கள். மணவறையில் மட்டும்தான், தகப்பன் பேர் என்ன என்பதோடு விட்டார்கள்.

சரி, உன் கதைக்கு வருவோம். அருந்ததி பார்க்கும்போது உன் நினைவுதான். பகல் பதினொரு மணிக்கு அண்ணாந்து "தெரியுது, தெரியுது" என்று தலையாட்டிய ஆள் நீ! சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற மங்கல் வெள்ளி அது, இரவிலேயே கண் கூர்மை வேண்டும். எங்கள் மாப்பிள்ளை, "ஐயா, முகில் மறைக்குது" என்று சொல்லிச் சபையையே சிரிக்க வைத்தான். குடத்துக்குள் மோதிரம் எடுத்தது எங்கள் பிள்ளை, அதில் அவனுக்கு இன்னும் கோபம்.

வீடியோக்காரனோடு பட்ட பாட்டை நேரில் சொல்கிறேன். பங்குனியில் நீ வருகிறாய் என்று கட்டையன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான், உண்மையா? வருவதென்றால் வைகாசிக்குத் தள்ளு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்லாருமாகப் போகலாம், அண்ணியும் வருகிறார்.

அன்புடன்,
உன் மச்சான்