உன்னோடு வருகிறவர்களிடம் சொல்லிவை

அன்புள்ள கயலுக்கு,

மாப்பிள்ளையோடு உன் ஆபீஸ் சிநேகிதிகளும் வருகிறார்கள் என்று அப்பா சொன்னதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் நீ போட்டு அனுப்பியிருக்கும் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லையடி. லூசியானாவுக்கு வந்து நியூ ஆர்லியன்ஸில் மூன்று நாள், நம் ஊர் லஃபயெட்டில் ஒரே ஒரு மத்தியானம். அதைத் திருப்பிப் போடு. நியூ ஆர்லியன்ஸ் எங்கேயும் ஓடிப்போகாது. நம் ஜிரார்ட் பூங்காவில் பாட்டும் ஆட்டமும் சாப்பாடுமாக நடக்கும் திருவிழா அக்டோபர் நடுவில் ஒரு வாரக்கடைசியில் மட்டும்தான். நுழைவுக் கட்டணமும் கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் காசு.

இன்னொன்று. அவர்களுக்கு நீ "கேஜன் திருவிழா" என்று எழுதியிருக்கிறாய். திருவிழாச் சுவரொட்டியில் அகாடியர் (அந்தப் பெயர்தான் திரிந்து கேஜன் ஆனது), கிரியோல் என்று இரண்டு பேரும் இருக்கிறார்கள். இங்கே வளர்ந்த பெண்ணே பாதியை விட்டுவிட்டால் உன் சியாட்டில் சிநேகிதிகள் என்ன செய்வார்கள்? வருவதற்கு முன்னால் அவர்களிடம் கொஞ்சம் சொல்லிவை.

கேஜன் கதை உனக்குத் தெரியும், பள்ளியில் நாடகமே போட்டீர்கள். 1755இல் ஆங்கிலேயர் கனடாப் பக்கத்து நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரெஞ்சுக் குடியானவர்களைக் கப்பலேற்றித் துரத்தியது, குடும்பங்கள் பிரிந்தது, பத்து வருஷம் போல அலைந்தபின் 1765இல் போசொலேய் புரூசார் தலைமையில் ஒரு கூட்டம் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. உன் வகுப்பில் எத்தனை புரூசார்கள் இருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் அவர்கள் வந்த ஊரில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் பலர். அந்த மக்களின் வழியில் வந்து, பிரெஞ்சும் அதிலிருந்து பிறந்த கிரியோல் மொழியும் பேசிய கருப்பினக் குடும்பங்கள்தான் இந்தப் பக்கத்துக் கிரியோல்கள். ஒரே வயல், ஒரே வெயில், ஒரே அக்கார்டியன். சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்கு மட்டும் தனித்தனி வீடு.

அமடே ஆர்டுவான் கதையைக் கட்டாயம் சொல்லு. கிரியோல்காரர், குள்ளமான மனிதர், அக்கார்டியன் வாசித்துக்கொண்டே தொண்டை கிழியப் பாடுவாராம். டென்னிஸ் மக்கீ என்ற வெள்ளைக்காரர் அவருக்கு ஃபிடில் (நம் வயலின்தான்). 1929இலேயே இருவரும் சேர்ந்து இசைத்தட்டு பதிந்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவே விடாத காலம் அது! ஒரு வெள்ளையர் வீட்டு ஆட்டத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்ட, அந்த வீட்டுப் பெண் ஒருத்தி கைக்குட்டையை நீட்டியிருக்கிறாள். அதற்காக ராத்திரி வழிமறித்துப் போட்டு அடித்தார்கள் என்கிறார்கள். அதற்கப்புறம் அவர் பழைய ஆளாகவே இல்லை. 1942இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். கல்லறை எது என்று அடையாளம்கூட இல்லை. 2018இல்தான் ஓப்பலூசாவில் சிலை வைத்தார்கள். இன்றைக்கு எந்தக் கேஜன் குழு மேடையேறினாலும் அவர் போட்ட மெட்டு ஒன்றாவது அதில் இருக்கும். அதனால்தான் பாதிப் பெயரைச் சொல்லாதே என்கிறேன்.

பிரெஞ்சுக்கு நடந்தது தனிக் கதை. 1921இல் லூசியானா மாநிலச் சட்டமே பள்ளியில் ஆங்கிலம்தான் என்றது. பக்கத்து வீட்டுப் பாட்டி முதல் வகுப்புக்குப் போனபோது அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது. பாத்ரூம் போக வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டதற்கு, "இனி பிரெஞ்சு பேச மாட்டேன்" என்று நூறு தடவை எழுத வைத்தார்களாம். அதனால் தன் பிள்ளைகளுக்கு அவர் பிரெஞ்சு சொல்லித்தரவே இல்லை. இப்போது எழுபதைத் தொடும் அந்த மகன், அம்மாவோடு அவர் பாஷையில் பேச ராத்திரி வகுப்புக்குப் போகிறார். (நீ வாரா வாரம் என்னோடு தமிழில் பேசுகிறாய், எனக்குக் குறையில்லை. மாப்பிள்ளையைத்தான் கொஞ்சம் பழக்கு.)

இசைக்கும் அதே கதிதான். கிழவர்களின் இழுவைப் பாட்டு என்று ஊர்க்காரர்களே முகம் சுளித்த காலம். 1964இல் டூயி பால்ஃபா என்ற கேஜன் இசைக்காரர் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்துவிட்டு வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டிய மனிதர். ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்ததும், இந்தச் சத்தம் நம் ஊரிலும் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது அவருக்கு. பாரி ஆன்செலே போன்ற இளைஞர்களும், பிரெஞ்சைக் காப்பாற்ற 1968இல் அரசு அமைத்த கோடோஃபில் மன்றமும் கைகொடுத்தார்கள். 1974 மார்ச் மாதம் இங்கே பிளாக்கம் கொலிசியம் அரங்கில் முதல் கச்சேரி. வெளியே கொட்டும் மழை. உள்ளே இடமில்லை. பால்ஃபா சகோதரர்களும் பாடினார்கள், கிரியோல்காரர்களின் ஆட்ட இசையான சைடிகோவின் ராஜா கிளிஃப்டன் ஷெனியேவும் பாடினார். எனக்குப் பிடித்தது எது தெரியுமா? ஆட இடமே விடாமல் வேண்டுமென்றே நாற்காலி போட்டிருந்தார்கள். காலம் காலமாக ஆட்டத்துக்குப் பின்னணியாகவே இருந்த இசையை ஒரு தடவையாவது ஜனங்கள் உட்கார்ந்து கேட்கட்டும் என்று. அந்தக் கச்சேரிதான் பிறகு பூங்காவுக்கு வந்து, கைவினைச் சந்தையோடும் சாப்பாட்டுக் கடைகளோடும் சேர்ந்து இந்தத் திருவிழாவானது.

ஆகவே பெரிய மேடைக்கு முன்னால் மட்டும் நிற்காதீர்கள். சின்னக் கூடாரத்தில் வித்வான்கள் வாசித்துக் காட்டி, இந்தப் பாட்டு யாரிடம் கற்றது, இந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று பேசுவார்கள். கூட்டமும் குறைவு, நிழலும் உண்டு. சைடிகோவின் தகர உரசுபலகையை உன் சிநேகிதிகளுக்குக் காட்டு. துணி துவைக்கிற பலகையைச் சட்டை மாதிரி மார்பில் மாட்டிக்கொள்ளும்படி செய்யவைத்தவர் அந்த ஷெனியேதான். பாட்டில் திறப்பானால் சரசரவென்று உரசுவார்கள். சனிக்கிழமை காலையில் நேரம் இருந்தால் யூனிஸ் வரை போய்வாருங்கள். மார்க் சவாய் அக்கார்டியன் செய்யும் கடையில் காலையில் யார் வேண்டுமானாலும் வாத்தியத்தோடு உட்காரலாம்.

இனி சாப்பாடு. கம்போ என்ற கெட்டிச் சூப்பின் உயிர் ரூவில் இருக்கிறது. மாவையும் எண்ணெயையும் அடுப்பை விட்டு நகராமல் சாக்லேட் நிறம் வரும்வரை கிளற வேண்டும், ஒரு நிமிஷம் போனில் பேசினால் போச்சு. கம்போவைக் கெட்டிப்படுத்தும் வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கடைசியில் தூவும் ஃபிலே என்ற இலைப்பொடி சாக்டா பழங்குடியினரின் கைப்பக்குவம். உருளைக்கிழங்கு சாலடை ஒரு கரண்டி அதிலேயே போட்டுச் சாப்பிடுவார்கள், முகம் சுளிக்க வேண்டாம் என்று சொல்லிவை. கிராஃபிஷ் (இறால் மாதிரி நன்னீரில் கிடைப்பது) வேகவைத்து மேஜையில் கொட்டுவது வசந்தகாலத்து வேலை. அக்டோபரில் எட்டூஃபே என்ற கெட்டிக் குழம்பு கிடைக்கும், உறையவைத்த கிராஃபிஷ் வால்களில் செய்தது. அது ஒன்றும் குறைச்சல் இல்லை. வீட்டுச் சமையல் தெரிய வேண்டுமானால் சோறும் கிரேவியும் கேளுங்கள். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு அழுகை நின்றது அந்தத் தட்டைப் பார்த்துத்தான், நம் வீட்டுச் சோறும் குழம்பும் போலவே இருந்தது.

மாப்பிள்ளை சைவம் என்பதுதான் கவலை. சிவப்பு பீன்ஸ் என்று போர்டில் இருக்கும், உள்ளே புகைத்த பன்றித் தொத்திறைச்சி இருக்கும். பச்சை பீன்ஸில்கூட பேக்கன் என்ற பன்றிக்கறி போடுவார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட 'பை' பலகாரம், பெக்கான் கொட்டை போட்ட பிரலீன் மிட்டாய் எல்லாம் அவருக்கு ஆகும். மீதிக்கு வெண்டைக்காயை வைத்து நானே ரூ போட்டு ஒரு கம்போ செய்துவிடுகிறேன்.

ஆடத் தெரியாது என்று யாரும் ஒதுங்க வேண்டாம். வால்ட்ஸும் டூ-ஸ்டெப்பும் அங்கேயே சொல்லித்தருவார்கள். அப்பாவுக்கு முட்டி வலி, ஆனாலும் டூ-ஸ்டெப் என்றால் எழுந்துவிடுகிறார், நானும் தடுப்பதில்லை.

காரில் வந்தால் அட்சஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் பாலம் வரும். வேகமாகப் போகாதே, அங்கே போலீஸ் நிற்பார்கள். பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், முந்தின நாள் மழை பெய்திருந்தால் பூங்கா முழுக்கச் சேறு. மடக்கு நாற்காலிகள் கராஜில் இருக்கின்றன, வாங்க வேண்டாம்.

எத்தனை பேர் தங்குகிறீர்கள், அதில் யார் யார் பன்றி சாப்பிட மாட்டார்கள் என்று இந்த வாரத்துக்குள் சொல்லு. வெள்ளிக்கிழமை காலைக்கு பூடான் (பன்றியும் சோறும் அடைத்த தொத்திறைச்சி) முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது.

அன்புடன்,
அம்மா