பைத்தான் பாதுகாப்புக் கருவிகளின் முதல் நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைத்தான் நிரல்களில் உள்ள பாதுகாப்புக் குறைகளைக் கண்டறியும் இலவசக் கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை, காரைக்குடியில் என் வீட்டில் சனிக்கிழமைதோறும் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் கத்தரித்து எடுத்துவந்து காட்டினார்கள். இப்படியொரு பொருளைத் தமிழில் எழுத முன்வந்ததற்கு முதலில் என் நன்றி. ஆனால், ‘கருவியை நிறுவுங்கள், நிரல் இருக்கும் கோப்புறையில் ஒரு கட்டளையை இடுங்கள், குறைகள் வரிசையாக வந்துவிடும்’ என்ற அளவோடு அக்கட்டுரை நின்றுவிட்டது. நிறுவுவதற்கும் கட்டளை இடுவதற்கும் நடுவில் செய்ய வேண்டிய அமைப்பு வேலையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த வேலையைச் செய்யாமல் இறங்கிய ஒரு மாணவிக்கு என்ன நேர்ந்தது என்பதை அருகில் இருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆத்தங்குடியில் பூக்கல் என்னும் வண்ணத் தரைக்கல் போடும் குடும்பத்துப் பெண் அவர். தங்கள் பட்டறைக்கு வரும் ஆர்டர்களை, எந்த வடிவம், எத்தனை சதுர அடி, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று பதிந்து வைக்கும் ஒரு சிறு செயலியை, பைத்தானில், இணையச் செயலி எழுத உதவும் ஃபிளாஸ்க் என்ற தொகுப்பைக் கொண்டு, கல்லூரி இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக எழுதியிருந்தார். கட்டுரையில் சொன்னபடியே பேண்டிட் என்ற கருவியை நிறுவி, கட்டளையை இட்டார். திரை நிரம்பி, மேலே ஓடி, நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்த கூட்டுத்தொகை ஆயிரக்கணக்கில் இருந்தது. “சார், எல்லாமே தப்பா இருக்கு சார். முதல்லேருந்து எழுதணுமா?” என்று அவர் கேட்டபோது குரல் கம்மிவிட்டது. அவர் எழுதிய நிரல் மொத்தமே அறுநூறு வரிக்குள்தான் இருக்கும்.

நடந்தது இதுதான். ஒரு திட்டப்பணிக்குத் தேவையான நிரல்தொகுப்புகளை மற்றவற்றோடு கலக்காமல் தனியே வைத்துக்கொள்ள, பைத்தான் 3.3 பதிப்பு வெளியான 2012ஆம் ஆண்டு முதல், வென்வ் என்ற மெய்நிகர் சூழல் வசதி பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. அந்த மாணவியும் முறையாக அதை உருவாக்கியிருந்தார். பெரும்பாலோர் செய்வதுபோலத் திட்டப்பணிக் கோப்புறைக்குள்ளேயே உருவாக்கியிருந்தார். அதற்குள் ஃபிளாஸ்க், அது நம்பியிருக்கும் பிற தொகுப்புகள், பிப் நிறுவியின் சொந்த நிரல் என்று உலகத்தார் எழுதிய பல்லாயிரம் வரிகள் இருக்கின்றன. பேண்டிட், நிரலின் பழைய பதிப்புகளைச் சேமித்துவைக்கும் கிட் போன்றவற்றின் உள் கோப்புறைகளைத் தானாகவே ஒதுக்கிவிடும். இந்த மெய்நிகர் சூழல் கோப்புறையை நாம் சொன்னால்தான் ஒதுக்கும். சொல்லாததால், அத்தனை பேர் எழுதியதையும் அவர் தலையில் கட்டிவிட்டது.

விலக்க வேண்டிய கோப்புறைகளின் பெயரை பைபுராஜெக்ட் அமைப்புக் கோப்பில் பேண்டிட்டுக்குரிய பகுதியில் எழுதச் சொன்னேன். எழுதினார். மறுபடியும் அதே வெள்ளம். இரண்டாவது தடுமாற்றம் இங்கேதான் வருகிறது: அந்தக் கோப்பு அங்கே இருப்பதனாலேயே பேண்டிட் அதைப் படித்துவிடாது, கட்டளையில் ‘சி’ என்ற தெரிவோடு கோப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால்தான் படிக்கும். மேலும், பைத்தான் 3.11க்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள், டாமல் வடிவத்தில் இருக்கும் அந்தக் கோப்பைப் படிக்கும் கூடுதல் துணையோடு பேண்டிட்டை நிறுவியிருக்க வேண்டும். இவ்விரண்டையும் சரிசெய்த பிறகு, ஆயிரக்கணக்கு 23 ஆக வந்து நின்றது.

அந்த 23ஐப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பாடம் முழுவதும் அதில்தான் இருந்தது. அவற்றில் 19, சோதனைக் கோப்புகளில் இருந்த, ஒரு நிபந்தனை சரியா என்று பார்க்கும் ‘அசர்ட்’ வரிகள். பைத்தானை உகப்பாக்கத் தெரிவோடு ஓட்டினால் அசர்ட் வரிகள் நீக்கப்பட்டுவிடும் என்பதால், உள்ளே விடலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் இடத்தில் அவற்றை நம்பக் கூடாது. அதனால் பேண்டிட் எச்சரிப்பது சரியே. ஆனால் சோதனைக் கோப்பில் அசர்ட் இருப்பது இயல்பு. ஆகவே சோதனைக் கோப்புறையையும் விலக்கினோம். செயலியின் நிரலில் அந்த விதி உயிரோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மீதி நான்கு. ஒன்று, மாதிரித் தரவு உண்டாக்க அவர் பயன்படுத்திய சாதாரண எழுமாற்று எண். கடவுச்சொல்லோ சாவியோ உண்டாக்க அது உதவாது, மாதிரிக்குப் போதும். இன்னொன்று, நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த தரவுத்தளக் கடவுச்சொல். மூன்றாவது, வாடிக்கையாளர் பெயரை அப்படியே ஒட்டவைத்துக் கட்டிய, தரவுத்தளத்தைக் கேட்கும் எஸ்கியூஎல் வினவல். தேடல் பெட்டியில் விஷமமாக எதையாவது எழுதினால் ஆர்டர் புத்தகம் முழுவதையும் அள்ளிக்கொண்டு போக வழிவிடுவது. நான்காவது, ஃபிளாஸ்க்கைப் பிழைதிருத்த நிலையில் ஓடவிட்டிருந்தது. அந்த நிலையில் பிழைப் பக்கத்திலிருந்தே பைத்தான் கட்டளைகளை இயக்க முடியும் என்பதையும், ‘பின்’ எனப்படும் ஒரு ரகசிய எண் மட்டுமே நடுவில் நிற்கிறது என்பதையும் விளக்கியபோது, அவர் உடனே மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மாற்றினார். உண்மையான மூன்று குறைகளும் முதல் ஓட்டத்திலேயே திரையில் வந்தவைதான். ஆயிரத்துக்கு நடுவில் மூன்றை யார் தேடிக் கண்டுபிடிப்பார்?

கடவுச்சொல்லை நிரலிலிருந்து அழித்ததோடு வேலை முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிட் வரலாற்றில் அது பழைய பதிப்பாக அப்படியே கிடக்கும். ஆகவே கடவுச்சொல்லையே மாற்றினோம். எழுமாற்று எண் வரியில் மட்டும், அந்தக் குறிப்பிட்ட விதியின் எண்ணை எழுதி, ‘நோசெக்’ குறியிட்டு, காரணத்தையும் பக்கத்திலேயே எழுதினோம். விதி எண் இல்லாமல் வெறும் நோசெக் இட்டால், பின்னாளில் அதே வரியில் வேறொரு குறை நுழைந்தாலும் கருவி வாய் திறக்காது. இந்த வெறும் குறியை வரிக்கு வரி தெளித்துவிட்டு, ‘எச்சரிக்கை எதுவும் வரவில்லை’ என்று காட்டும் திட்டப்பணிகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாளில் வெள்ளத்தைக் கண்டு மிரண்டவர்கள்தான் பெரும்பாலும் அப்படிச் செய்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மகளை அழைத்துப்போக வந்த அவருடைய தந்தையாரிடம் நடந்ததைச் சொன்னோம். பூக்கல்லின் முகம் கண்ணாடித் தகட்டின் மேல்தான் உருவாகிறது. தகட்டைத் துடைத்துப் பதம் பார்த்த பிறகுதான் அச்சை வைத்து வண்ணம் ஊற்றுவார்கள். “தகடு தொடைக்காம கலர் ஊத்துனா கல்லக் குத்தஞ் சொல்லி என்னய்யா செய்ய?” என்று அவர் கேட்டதைவிடத் தெளிவாக இதை என்னால் சொல்ல முடியாது.

நிறுவும் கட்டத்திலும் கட்டுரை சொல்லாமல் விட்டவை உண்டு. பிப் கட்டளையில் தொகுப்பின் பெயரை ஓர் எழுத்து மாற்றி அடித்தால், அந்தப் பெயரில் வேறு யாரேனும் வைத்திருக்கும் தொகுப்பு இறங்கும். 2018ஆம் ஆண்டு, கலராமா என்ற புகழ்பெற்ற தொகுப்பின் பெயரில், நடுவில் ‘யூ’ எழுத்தைச் சேர்த்து, பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் ஒரு போலித் தொகுப்பு, பைத்தான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் கண்டுபிடிக்கப்பட்டது. விண்டோஸ் கணினிகளில் ஒருவர் நகலெடுத்த பிட்காயின் முகவரியை, ஒட்டும்போது திருடனின் முகவரியாக மாற்றிவிடுவது அதன் வேலை. நம் பள்ளிகளில் அந்தச் சொல்லை ‘யூ’ சேர்த்துத்தான் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதை நினைத்தால், நம் பிள்ளைகள் எவ்வளவு எளிதாக அதில் விழுந்திருப்பார்கள் என்பது புரியும். மூல வடிவில் வரும் தொகுப்புகளை நிறுவும்போதே அவற்றிலுள்ள நிரல் நம் கணினியில் ஓடக்கூடும் என்பதால், ‘நிறுவிப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் நீக்கிவிடலாம்’ என்பது காப்பாகாது. பெயரைக் கருவியின் அதிகாரப்பூர்வ ஆவணத்திலிருந்தே நகலெடுக்க வேண்டும்.

அடுத்தது, 2023இல் வெளியான டெபியன் 12 முதலான லினக்ஸ் பதிப்புகளில் அமைப்புக்குரிய பைத்தானுக்குள் பிப் நேரடியாக எதையும் நிறுவ மறுக்கும். அந்த மறுப்புச் செய்தியிலேயே, மெய்நிகர் சூழலை உருவாக்கிக்கொள்ளும்படி வழியும் சொல்லியிருக்கும். நம் மாணவர்களோ, ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற தெரிவைச் சேர்த்து மறுப்பைத் தாண்டிவிடுகிறார்கள். அமைப்பை உடைக்கிறேன் என்று பெயரிலேயே சொல்லும் ஒன்றைப் பாதுகாப்புக் கருவி நிறுவுவதற்காகவே பயன்படுத்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. விண்டோஸிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் சூழலை இயக்கும்போது, ஸ்கிரிப்டுகள் எனப்படும் கட்டளைக் கோப்புகள் ஓடத் தடை இருப்பதாகச் செய்தி வந்தால், கணினி முழுவதற்கும் தடையை எடுத்துவிட வேண்டியதில்லை. தன் பயனர் கணக்குக்கு மட்டும், வெளியிலிருந்து வந்த ஸ்கிரிப்டுகளுக்குக் கையொப்பம் கேட்கும் நிலையை வைத்தால் போதும். அதுவும் வேண்டாம் என்றால், பழைய கட்டளைச் சாளரத்தைத் திறந்து அதில் இயக்கிக்கொள்ளலாம். மெய்நிகர் சூழலுக்கு நிர்வாகி அனுமதி தேவையில்லை என்பதால், கல்லூரி ஆய்வகக் கணினியிலும் மாணவர் தாமே இதை அமைத்துக்கொள்ள முடியும்.

பிப்-ஆடிட் என்ற கருவியையும் கட்டுரை பாராட்டியிருந்தது, பாராட்டுக்கு உரியதே. நாம் எழுதாத, ஆனால் நம் செயலி நம்பியிருக்கும் தொகுப்புகளில், ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட குறை உள்ள பதிப்பு எது என்று அது ஒப்பிட்டுச் சொல்கிறது. ஆனால் அது எந்தச் சூழலைப் பார்க்கிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். திட்டப்பணியின் சூழலுக்கு வெளியே நிறுவி ஓட்டினால், அது தான் இருக்கும் இடத்தைச் சோதித்துவிட்டு, குறை ஏதுமில்லை என்று சொல்லக்கூடும். அடுத்த வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பார்த்துவிட்டு நம் வீட்டு நகை பத்திரமாக இருக்கிறது என்று சொல்வது போன்றது அது. பேண்டிட்டின் வெள்ளமாவது மாணவரை நிறுத்தி யோசிக்கவைக்கும். இந்தப் பொய்யான நிம்மதி யாரையும் நிறுத்தாது என்பதால், இதை நான் இன்னும் மோசமானதாகக் கருதுகிறேன். அதோடு, கருவிகளின் பதிப்பு எண்களையும் ஒரு தேவைக் கோப்பில் எழுதி வைத்தால்தான், இரண்டு பேர் கணினியில் இரண்டு விதமான விடை வரும்போது காரணத்தைத் தேட முடியும்.

கட்டுரையின் முடிவில், வலையமைப்புகளைத் துழாவும் கருவிகளையும் ‘முயன்று பாருங்கள்’ என்று ஒரே மூச்சில் சேர்த்திருந்தது எனக்குக் கவலை அளித்தது. பேண்டிட்டும் பிப்-ஆடிட்டும் நம் சொந்த நிரலையும் நாம் நிறுவியவற்றையும் மட்டுமே பார்ப்பவை. பிறருடைய கணினியை அவர் அனுமதியின்றி அணுகுவது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவில் வருகிறது; நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாக நிறுவப்பட்டால், 66ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆர்வமுள்ள பதினெட்டு வயதுப் பிள்ளை, விடுதியின் வைஃபையிலோ கல்லூரியின் இணையதளத்திலோ முயன்று பார்க்கத் துணியும் முன், இது அச்சில் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை வரவழைத்த ஊர் எங்களுடையது. இங்கே படிக்க வரும் பிள்ளைகளில் பலர் ஆங்கிலக் கையேட்டைப் புரட்டத் தயங்குபவர்கள். தங்கள் நாளிதழை நம்பிப் படிப்பவர்கள். பலகாரக் கடைக்கும், பழம்பொருள் கடைக்கும், வாடகைக்கு விடும் பெரிய வீட்டுக்கும் இப்போது செயலி எழுதிக்கொடுப்பவர்கள் இவர்கள்தாம்.

ஆகவே, அக்கட்டுரைக்குத் தொடர்ச்சியாக, முதல் நாள் அமைப்பை மட்டுமே பொருளாகக் கொண்ட இன்னொரு கட்டுரையை வெளியிடுமாறு வேண்டுகிறேன். சூழலை உருவாக்குவது, சரியான பெயரில் நிறுவுவது, விலக்க வேண்டியதை விலக்கி அமைப்புக் கோப்பை எழுதுவது, அந்தக் கோப்பைக் கருவி உண்மையிலேயே படிக்கிறதா என்று பார்ப்பது, முதல் அறிக்கையை ஆசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பது ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். அமைப்புக் கோப்பைக் கருவி படித்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு: வேண்டுமென்றே ஒரு பொய்க் கடவுச்சொல்லை நிரலில் எழுதி ஓட்டிப் பாருங்கள்; அது அகப்பட வேண்டும், விலக்கிய கோப்புறையிலிருந்து எதுவும் வரக் கூடாது. தாங்கள் விரும்பினால், என் சனிக்கிழமை மாணவர்கள் தங்கள் கணினிகளில் செய்து பார்த்த படிகளைக் கணினித் திரையின் படங்களோடு எழுதி அனுப்பச் சித்தமாக இருக்கிறார்கள். ஆத்தங்குடிப் பெண் தன் பங்கை ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினித்துறை விரிவுரையாளர் ஒருவர்,
காரைக்குடி.