உன் ரத்தத்தைப் பற்றி

அன்புள்ள கண்ணு,

கம்பெனி முகாமில் ரத்தம் எடுத்து, 'சிக்கிள் செல் கேரியர்' என்று ரிப்போர்ட் வந்ததும் நீ போனில் கேட்ட முதல் கேள்வி, "எனக்குக் கெட்ட ரத்தமாப்பா?" என்பது. இல்லை என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். சிக்கிள் செல் என்பது சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோய்; கேரியர் என்றால் நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர். அதற்கு மேல் போனில் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிக்க வருவதற்கு முன்னால் இந்த விஷயம் உனக்கு முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். என் வேலைக்காலம் எல்லாம் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால்தான் போனது. இதை உனக்குச் சொல்ல வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

உன் ரத்தத்தில் ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் என்ன தெரியும் தெரியுமா? அம்மாவின் ஸ்லைடில் தெரிவதேதான். வட்ட வட்டமான சிவப்பணுக்கள், நடுவில் வெளிறி, ஓரம் அழுத்தமாக. பெயர் எழுதாமல் இரண்டு ஸ்லைடையும் கொடுத்தால் எது உன்னுடையது என்று என்னாலும் சொல்ல முடியாது.

அந்த வட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் உடம்பில் எனக்கு மிகப் பிடித்த செல் அதுதான். குறுக்களவு ஏழரை மைக்ரோமீட்டர். இரண்டு பக்கமும் நடு குழிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் செல் படம் வரைந்து உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் என்று பாகம் குறித்தாயே, அதில் ஒன்றுகூடச் சிவப்பணுவில் கிடையாது. பிறக்கும்போது எல்லாம் இருந்தன. எலும்பு மஜ்ஜையில் அது வளர்கிற ஒரு வாரத்தில், ஹீமோகுளோபின் நிறைய நிறைய உட்கரு சுருங்கி ஓரத்துக்குப் போய்க் கடைசியில் வெளியே தள்ளப்படும். பக்கத்தில் இருக்கும் பெரிய செல் ஒன்று அதை விழுங்கிவிடும். அப்புறம் மைட்டோகாண்ட்ரியா போகும். ரத்தத்துக்குள் வந்த ஓரிரு நாளில் மிச்சமிருக்கும் ரைபோசோமும் போய்விடும். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்தச் செல்லின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஹீமோகுளோபின்தான். ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி மூலக்கூறு. ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும்.

ஆக்சிஜனை வைத்துச் சக்தி செய்கிற மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமந்து போகிற ஆக்சிஜனில் துளிகூட அது தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து, கிடைக்கிற கொஞ்சம் சக்தியில் உப்புகளை உள்ளே வெளியே சீராக்கிக்கொண்டு ஓடுகிறது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

உட்கரு போனதில் இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே விறைப்பாக எதுவும் இல்லாததால் செல் நன்றாக மடியும். சவ்வுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் வலையாகப் பின்னியிருக்கிறது. அந்த வலை வளையும், நீளும், விட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களிலும் சிவப்பணு மடிந்து நுழைந்து வெளியே வருவது அதனால்தான். மண்ணீரலில் இருக்கும் இடுக்குகள் இன்னும் சின்னவை. அங்கே வளைய முடியாத கிழட்டுச் செல் மாட்டிக்கொள்ளும். அதை அங்கேயே பிரித்து, இரும்பை மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்பிவிடும் உடம்பு. ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். போகிறவற்றுக்கு ஈடாக நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் புதிதாக வருகின்றன.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள்: இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா. பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்திருக்கும். அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்து மாறினால் அந்த இடத்தில் வேலின் வந்துவிடும். அதைத்தான் எஸ் வகை ஹீமோகுளோபின் என்கிறோம். இது ஒரு புரதத்தின் கோளாறு என்று 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினார்கள். மாறியிருப்பது ஒரே ஒரு அமினோ அமிலம் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிரம் கண்டுபிடித்தார். 146-இல் ஒன்று!

அந்த வேலின் தண்ணீரை ஒதுக்குகிற ரகம். ஆக்சிஜன் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஹீமோகுளோபினின் வடிவம் கொஞ்சம் மாறும். அப்போது பக்கத்து மூலக்கூறில் ஒரு குழி திறக்கும். சட்டைப் பித்தான் காஜாவில் மாட்டுவது போல இந்த வேலின் அந்தக் குழியில் போய் மாட்டிக்கொள்ளும். ஒன்றோடு ஒன்று மாட்டி நீளமான இழைகளாகி, சவ்வை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். வட்டமாக இருந்த செல் அரிவாளாக வளைந்து விறைத்துவிடும். நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் ஏறினால் திரும்ப வட்டமாகும். ஆனால் திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் சவ்வு கெட்டு, அரிவாள் அரிவாளாகவே நின்றுவிடும்.

உன் பெரிய அத்தையைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். பீட்டாச் சங்கிலிக்கான மரபணு எல்லாருக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு உண்டு. அவளுக்கு இரண்டுமே எஸ். மார்கழிக் குளிர் வந்தால் கை, கால், முதுகு என்று வலியில் துடிப்பாள். கண் எப்போதும் மஞ்சள் பூத்திருக்கும். ஊரில் யாருக்கும் காரணம் தெரியாது. வாதம் என்றார்கள், காற்றுச் சேட்டை என்றார்கள், மந்திரித்தார்கள். குளிரில் சுருங்கிய குழாய்களில் விறைத்த செல்கள் அடைத்துக்கொண்டதால் வந்த வலி அது. 120 நாள் வாழ வேண்டிய செல்கள் 10, 20 நாளில் உடைந்துபோனதால் வந்த மஞ்சள் அது. இதெல்லாம் நான் லேப் படிப்புக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது அவள் இல்லை. என்னோடு சேர்ந்து இலந்தைப் பழம் பொறுக்கினவள், கண்ணு. இந்த ஒரு விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது அவளுக்காகவும்தான்.

உன் கதை வேறு. என்னிடமிருந்து ஒரு எஸ் மரபணு வந்தது; அம்மாவிடமிருந்து சரியான ஏ மரபணு வந்தது. உன்னுடைய ஒவ்வொரு சிவப்பணுவிலும் இரண்டு வகையும் கலந்தே இருக்கின்றன. எஸ் நூற்றுக்கு 35, 40 இருக்கும். நடுநடுவே ஏ வந்து நிற்பதால் இழை கோக்க நேரம் பிடிக்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட செல், இழை உருவாகும் முன்னால் நுரையீரலுக்குத் திரும்பிவிடும். அதனால்தான் உன் ஸ்லைடு அம்மாவின் ஸ்லைடு மாதிரியே இருக்கிறது. உனக்கு நோய் இல்லை, இனிமேல் இது நோயாக மாறவும் போவதில்லை. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் உடம்பை வருத்திக்கொள்ளாதே. இமயமலைப் பக்கம் மிக உயரத்துக்கு ஏறப் போனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. நம் கோத்தகிரி உயரமெல்லாம் ஒன்றும் செய்யாது.

இந்த எழுத்து மாற்றம் உன் தோலில், ஈரலில், கண்ணில் இருக்கும் செல்களிலும் இருக்கிறது. உட்கரு உள்ள எல்லாச் செல்லிலும் பதினொன்றாவது குரோமோசோமில் அது உண்டு. ஆனால் அந்தச் செல்களில் பீட்டா மரபணு மூடியே கிடக்கும். அவற்றுக்கு அதனால் வேலை இல்லை. மஜ்ஜையில் சிவப்பணு ஆகப்போகிற செல் மட்டும்தான் அதைத் திறந்து படிக்கும்.

நமக்கு மட்டும் ஏன் என்று கேட்பாய். நமக்கு மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவில், அரேபியாவில், மத்திய இந்தியப் பழங்குடிகளிடம் எல்லாம் உண்டு. இந்தியாவில் முதலில் எழுதி வைத்ததே நம் நீலகிரியில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு பேர், இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து வெளியிட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஆப்பிரிக்காவில் வேலை செய்த ஆண்டனி ஆலிசன், எஸ் மரபணு ஒன்று மட்டும் இருக்கும் குழந்தைகளை மலேரியா அவ்வளவாகத் தாக்குவதில்லை என்று காட்டினார். கிருமி புகுந்த செல் சீக்கிரம் அரிவாளாக வளைய, மண்ணீரல் அதைக் கிருமியோடு சேர்த்து அகற்றிவிடுவது ஒரு காரணம். நம் பாட்டன் பூட்டன் இருந்த அடிவாரக் காடுகளில் மலேரியா எப்படி இருந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காட்டில் பிழைத்து வந்தவர்களின் ரத்தம் உனக்கு வந்திருக்கிறது. அதைக் கெட்ட ரத்தம் என்று யார் சொன்னாலும் நீ ஒப்புக்கொள்ளாதே.

இப்போது கல்யாண விஷயம். உன் உடம்பில் கருமுட்டை உருவாகும்போது இரண்டு பீட்டா மரபணுவில் ஒன்றுதான் அதற்குள் போகும். ஏ போகலாம், எஸ் போகலாம், சரிபாதி வாய்ப்பு. மாப்பிள்ளைக்கு இரண்டும் ஏ என்றால் உங்கள் பிள்ளைகளில் யாருக்கும் இந்த நோய் வராது. கேரியராக இருக்கலாம், அவ்வளவுதான். அவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் என்பதைக் கவனி. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்களை நான் லேபில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கணக்கு முதலிலிருந்துதான் தொடங்கும்.

அவர் வீடு அட்டப்பாடிப் பக்கம். அங்கேயும் இது நிறைய உண்டு. அதனால் அவரைச் சோதித்தே ஆக வேண்டும், தேதி குறிப்பதற்கு முன்னால். நாம் குலம் பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், இதையும் பார்ப்போம். ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்து நான் கல்யாணத்தை நிறுத்துவேனோ என்று பயப்படாதே. கேரியர் என்பதற்காகப் பெண்ணை வேண்டாம் என்பதும், பையனை வேண்டாம் என்பதும் எனக்குப் பிடிக்காத காரியம். இரண்டு பேரும் கேரியராகவே இருந்தாலும், கருவுற்ற பத்துப் பன்னிரண்டு வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு கொஞ்சம் எடுத்துச் சோதிக்கலாம். அப்புறம் என்ன செய்வது என்பது நீங்கள் இருவரும் முடிவு செய்ய வேண்டியது. நானோ சம்பந்தியோ அதில் வாய் திறக்கக் கூடாது.

வைத்தியமும் உன் அத்தை காலத்தில் இருந்த மாதிரி இல்லை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் உண்டு, அது இழை கோக்காது. பிறந்து ஆறு மாதத்தில் அது குறைந்த பிறகுதான் நோயே தலைகாட்டும். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை அந்தப் பழைய வகையை ஓரளவு திரும்ப வரவழைக்கும். வலி வருவது குறையும். 2023-இல் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில், மஜ்ஜை செல்லை வெளியே எடுத்துத் திருத்தி, அதே பழைய வகையை நிறையச் சுரக்கவைக்கும் சிகிச்சைக்கு இங்கிலாந்தும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. செலவு 20 லட்சம் டாலருக்கு மேல். நம் மாதிரி ஜனங்களுக்குத்தான் இந்த நோய் அதிகம், நமக்குத்தான் அந்த விலை எட்டாது. அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு உண்டா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு ரத்தச் சோதனை போதும் என்பதால்தான் உன்னை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மாப்பிள்ளையிடம் நீயே பேசு. உன் ரிப்போர்ட்டை முதலில் அவரிடம் காட்டு, பிறகு அவருடையதைக் கேள். முகாமில் செய்வது போல, ரத்தம் கலந்த திரவம் கலங்குகிறதா என்று மட்டும் பார்க்கிற சோதனை அவருக்குப் போதாது. அது எஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். பீட்டாச் சங்கிலி போதுமான அளவு உருவாகாத பீட்டா தலசீமியா என்ற பரம்பரைக் கோளாறுக்கு அவர் கேரியராக இருந்தால் அதில் தெரியாது. உன் எஸ்ஸோடு தலசீமியா சேர்ந்தாலும் பிள்ளைக்கு நோய்தான். அதனால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கிற எச்.பி.எல்.சி. சோதனை என்று சொல்லி எடுக்கச் சொல். கூடவே முழு ரத்த எண்ணிக்கையும். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. சமீபத்தில் அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். ஏ2 என்பது எல்லார் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும் இன்னொரு வகை ஹீமோகுளோபின்; பீட்டா தலசீமியா கேரியருக்கு அது கூடியிருக்கும். இரும்புச்சத்து ரொம்பக் குறைவாக இருந்தால் அதையும் சொல்லட்டும், ஏ2 அளவு தவறாகக் குறைந்து காட்டும்.

ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து அனுப்பு. எண்கள் இருக்கும் பக்கத்தோடு வரைபடம் இருக்கும் பக்கமும் வேண்டும். எஸ் இருந்தாலும், ஏ2 நூற்றுக்கு மூன்றரைக்கு மேல் இருந்தாலும் நானே கோயம்புத்தூர் வந்து அவரையும் உன்னையும் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அம்மா ராகி மாவும் மிளகும் கட்டி வைத்திருக்கிறாள், வரும்போது கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா