பட்டியல் வேண்டாம், வாக்கியம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாளிதழ்களில் வரும் ஆங்கிலப் பயிற்சிப் பகுதிகளை விடாமல் படிக்கிறவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். நவுன் என்றால் பெயர்ச்சொல், வெர்ப் என்றால் வினைச்சொல் என்று ஆங்கிலச் சொற்களின் எட்டு வகைக்கும் ஒரு வரி விளக்கம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் சொற்களை வரிசையாக அடுக்கி மனப்பாடம் செய்யச் சொல்லும் முறையைத் தயவுசெய்து கைவிடுங்கள். புதிதாகப் படிக்க வருகிறவர்களை அதிகம் குழப்புவது இந்தப் பட்டியல்தான்.

ஆங்கிலத்தில் ஒரு சொல் எந்த வகை என்பது பல நேரம் சொல்லை மட்டும் பார்த்தால் தெரியாது. வாட்டர் என்பது தண்ணீர், சரி, நவுன். 'வாட்டர் தி பிளான்ட்ஸ்' என்று வந்தால் அதே வாட்டர் வெர்ப், செடிக்குத் தண்ணீர் ஊற்று என்று பொருள். 'எ ரவுண்ட் டேபிள்' (வட்ட மேசை) என்பதில் ரவுண்ட் அட்ஜெக்டிவ், அதாவது பெயரை விவரிக்கும் சொல், 'தி ஃபர்ஸ்ட் ரவுண்ட்' (முதல் சுற்று) என்பதில் நவுன், 'ரவுண்ட் தி கார்னர்' (முனையைச் சுற்றி) என்பதில் ப்ரிபொசிஷன், அதாவது பெயருக்கு முன்னால் நின்று அதை மற்ற சொற்களோடு இணைக்கும் சொல். ஒரு சொல்லுக்கு ஒரு வகை என்று நெட்டுருப் போட்டவர் இதில் எதை நம்புவார்?

தமிழில் நமக்கு இந்தக் கஷ்டம் குறைவு, ஏனென்றால் சொல்லின் கடைசியில் ஒட்டுவதே காட்டிக்கொடுத்துவிடும். நாய் பூனையைத் துரத்தியது, பூனையை நாய் துரத்தியது, எப்படி மாற்றிப் போட்டாலும் துரத்தியது நாய்தான், அந்த 'ஐ' உருபு பார்த்துக்கொள்ளும். பழைய ஆங்கிலத்திலும் இப்படி வேற்றுமை உருபுகள் இருந்தன, போகப் போகப் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. அதனால் இன்றைய ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம்தான் அந்த வேலையைச் செய்கிறது. 'தி டாக் சேஸ்டு தி கேட்' என்பதில் டாகையும் கேட்டையும் இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்திவிடும். இதை முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டால் மீதி எவ்வளவோ எளிதாகும், ஆனால் யாரும் சொல்வதில்லை.

அட்ஜெக்டிவ், அட்வெர்ப் (வினையை விவரிக்கும் சொல்) விஷயத்துக்கு வருகிறேன், அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். 'அழகான' என்றால் அட்ஜெக்டிவ், 'அழகாக' என்றால் அட்வெர்ப் என்று சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல வழிதான், 'ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுல்லி', அழகாகப் பாடுகிறாள், பொருந்துகிறது. ஆனால் 'அவள் அழகாக இருக்கிறாள்' என்பதில் 'ஆக' வருகிறதே என்று 'ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுல்லி' என்று எழுதினால் தப்பு, அங்கே பியூட்டிஃபுல் தான். அழகு என்பது அவளைப் பற்றியது, பார்க்கும் விதத்தைப் பற்றியது இல்லை. டேஸ்ட், ஸ்மெல், ஃபீல், சவுண்ட் போன்ற வெர்ப்களும் இப்படி எழுவாயின் தன்மையைச் சொல்ல வரும்போது பின்னால் அட்ஜெக்டிவைத்தான் கேட்கும். அப்புறம் 'லி' என்று முடிந்தால் அட்வெர்ப் என்ற சூத்திரம். ஃப்ரெண்ட்லி, லவ்லி இரண்டும் அட்ஜெக்டிவ். 'ஹீ வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறான், 'ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்கிற மாதிரி. சூத்திரத்தை நம்பி ஒரு 'லி' சேர்த்தால் பாராட்டு புகாராகிவிடும்.

எட்டு என்ற எண்ணிக்கையையும் இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய கிரேக்க இலக்கணத்திலும் எட்டுதான், ஆனால் அதில் ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தின் 'தி' போன்ற சொல்) தனி வகை, அட்ஜெக்டிவ் பெயர்ச்சொல்லுக்குள் அடக்கம், இன்டர்ஜெக்ஷன் (ஆஹா, ஐயோ போன்ற உணர்ச்சிச் சொல்) கிடையாது. இப்போதைய ஆங்கில இலக்கண நூல்கள் பலவற்றில் எ, தி, மை, திஸ் எல்லாம் டிடர்மினர், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து அதை வரையறுக்கும் சொல், என்று தனியாக நிற்கின்றன. நம் இலக்கணத்தில் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு சரி.

எனவே கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு சொல்லை எடுங்கள். ஃபாஸ்ட், வெல், பேக், லைட், எதுவானாலும் சரி. அது வெவ்வேறு வேலை செய்யும் மூன்று நான்கு வாக்கியங்களைப் போட்டு, எங்கே என்ன வகை என்று வாசகரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மறுநாள் விடை தரும்போது வெறும் விடையாக இல்லாமல், முன்னால் என்ன நிற்கிறது, பின்னால் என்ன வருகிறது, எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தோம் என்று இரண்டு வரி தமிழில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்